அத்தை மெச்சிய கேக்

ஃபிலோமினா அத்தை கேக் துண்டை வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். மெதுவாக மென்றாள்.

அப்பா புதுச்சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி நின்றார். தம்பி சேவியர் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அத்தையின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறையில் பிரியாணி தம்மில் இருந்தது. மூடியின் ஓரத்தில் ஆவி சீறும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அம்மா மேசைக்கு அந்தப் பக்கம், கையில் கத்தியோடு நின்றாள்.

அத்தை விழுங்கினாள். கண்ணைத் திறந்தாள்.

"இதுதான் கேக்," என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அம்மா எதிர்பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை அது. கேட்டதும் முகம் மலர்ந்திருக்க வேண்டும். மலரவில்லை. வெளுத்துப்போனது. காரணம், அது அம்மா செய்த கேக் இல்லை.

அது யார் செய்த கேக், எங்கள் மேசைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்வதற்கு முன், எங்கள் வீட்டு டிசம்பரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நட்சத்திரமும் புலியும்

கரையான்சாவடியில் பெரிய ரோட்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட, ஒரு கூடமும் சமையலறையும் உள்ள வீடு. அப்பா அந்தோணி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகள் கொஞ்சம்தான். எங்கள் வீட்டுக்கு முன்னால் நட்சத்திரம் தொங்கினால்தான் டிசம்பர் வந்தது என்று தெருவுக்கே அர்த்தம்.

போன வாரம் இந்தத் தொடரில் குழாயடிச் சண்டைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் பழைய தெருக்காரர் ஒருவர் போனில் பேசினார். அந்த நட்சத்திரம் அவருக்கும் நினைவிருக்கிறதாம். "உங்க நைனா வருசா வருசம் ஏணி மேல நின்னுகினு அந்த பல்ப திட்டுவாரே," என்றார். உண்மைதான். மூங்கில் பிளாச்சியில் அப்பாவே கட்டிய நட்சத்திரம். வண்ணத்தாளை ஆண்டுதோறும் புதிதாக ஒட்டுவோம். உள்ளே ஒரு ஜீரோ வாட் பல்பு. பரணிலிருந்து இறக்கி ஏற்றும்போது அது எப்போதும் எரியாது. அப்பா திட்டுவார். பிறகு கடைக்குப் போவார்.

குடில் சேவியரின் பொறுப்பு. வைக்கோல், செங்கல் தூள், ஒரு கண்ணாடித் துண்டுக் குளம். சொரூபங்களில் ஒரு ஆட்டுக்குட்டி உடைந்துபோனதால் அந்த இடத்தில் தன்னுடைய பிளாஸ்டிக் புலியை வைத்தான். வீடு மந்திரிக்க வந்த சாமியார் குனிந்து பார்த்துவிட்டு, "பெத்லகேமில் புலி இருந்ததா தம்பி?" என்று கேட்டார்.

"இருந்துச்சு ஃபாதர். தூங்கினு இருந்துச்சு," என்றான் சேவியர்.

சாமியார் அதையும் சேர்த்து மந்திரித்துவிட்டுப் போனார். அதன் பிறகு புலியை எடுக்க யாருக்கும் உரிமை இல்லாமல் போயிற்று.

புதுத்துணி டெய்லரிடமிருந்து இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் வரும். பொத்தான் சில சமயம் வந்திருக்காது. அம்மா ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு உட்காருவாள். முறுக்கும் அச்சு முறுக்கும் டின்னில் நிறைந்திருக்கும். தெருவில் எல்லா வீட்டுக்கும் தட்டு போகவேண்டும். தீபாவளிக்கு வந்த தட்டுகளுக்கெல்லாம் இது பதில்.

இதெல்லாம் எங்களுக்குக் கொண்டாட்டம். அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் என்பது கேக்.

கன்னியம்மா

அம்மா அயனம்பாக்கத்துக்காரி. ஞானஸ்நானத்துக்கு முன்னால் அவள் பெயர் கன்னியம்மா. அவளைப் பெற்றவர்கள் ஏரிப் பாசன நிலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். வயலெல்லாம் மனையாக மாறியபோது, அண்ணன்மார்கள் கம்பெனி வேலைக்குப் போனார்கள். அம்மாவும் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போனாள். அங்கேதான் அப்பாவைப் பார்த்தாள்.

அம்மா வீட்டில் கொஞ்சம் அழுதார்கள், பிறகு சமாதானமாகிவிட்டார்கள். அப்பா வீட்டில் கேட்கவேண்டியவள் ஒருத்திதான்: ஃபிலோமினா அத்தை. பெற்றோர் இல்லாத தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவள். அம்பத்தூரில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் வார்டன். எதையும் பார்த்தவுடன் சரி, சரியில்லை என்று சொல்லிவிடும் பழக்கம் வேலையோடு வந்தது. பேச்சிலும் அத்தை எங்களைப்போல 'கீது' என்று சொல்ல மாட்டாள். 'இருக்கு' என்பாள். ஆத்திரம் வந்தால்தான் பழைய பாஷை வரும்.

பெண் பார்க்க வந்த அன்று அத்தை கேட்ட கேள்வியை அம்மா எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

"கேக் செய்யத் தெரியுமா?"

"துன்னுதான் கீறேன்," என்றாளாம் அம்மா.

அதற்கு யாரும் சிரிக்கவில்லையாம்.

கல்யாணத்தில் அம்மா ரெஜினா ஆனாள். அத்தை அவளை எப்போதும் ரெஜினா என்றே கூப்பிட்டாள். அப்பாவுக்கு மட்டும் அந்தப் பெயர் கடைசிவரை வாயில் வரவில்லை.

கேக் செய்ய அம்மாவுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டாள், கம்பெனியில் கேட்டாள், தானே செய்து பார்த்தாள். முதல் வருடம் கேக்குக்கு நிறம் கொடுக்கச் சர்க்கரையைக் கருக்கினாள். ரொம்பக் கருகிக் கசந்துவிட்டது. மறுவருடத்திலிருந்து வெல்லத்தைப் பாகு காய்ச்சி ஊற்றினாள். வனிலா வாசனை அவளுக்கு மருந்து மாதிரி இருந்ததாம். அதனால் ஏலக்காய். அதோடு கொஞ்சம் சுக்கு. சேவியருக்காகக் கை நிறைய டூட்டி ஃப்ரூட்டி. அதற்கு அவன் வைத்த பெயர் ஜெல்லி.

எங்களுக்கு அதுதான் கேக்கின் ருசி. வேறு கேக் இருக்கிறது என்றே பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரிந்தது.

கிறிஸ்துமஸ் அன்று பகல் சாப்பாட்டுக்கு அத்தையும் சூசை மாமாவும் அம்பத்தூரிலிருந்து வருவார்கள். அவர்கள் வந்த பிறகுதான் கேக்கில் கத்தி வைக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அத்தை ஒரு துண்டு எடுப்பாள். பாதி சாப்பிடுவாள்.

"நல்லாத்தான் இருக்கு. பணியாரம் மாதிரி இருக்கு," என்பாள்.

ஒரு வருடம் பணியாரம். ஒரு வருடம் அதிரசம். ஒரு முறை கேசரி. இன்னொரு முறை தட்டை மூக்கருகே கொண்டுபோய், "கோயில் பிரசாதம் மாதிரி மணக்குது ரெஜினா," என்றாள். குரலில் கடுமையே இருக்காது. சிரித்துக்கொண்டே சொல்வாள். அம்மாவும் சிரித்துக்கொண்டே பாதித் துண்டோடு இருக்கும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று பாதி புரிந்தது. மீதியை அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தத்திலிருந்து புரிந்துகொண்டேன்.

பாய் கடை

இன்று நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் டிசம்பர் மாதம் லிஃப்டில் ஏறினால், டெலிவரி பையன்களின் பையிலிருந்து கேக் வாசனை வரும். பெட்டியின்மேல் பெயர் அச்சடித்திருக்கும். மாறிப்போக வழியே இல்லை.

அந்தக் காலத்தில் எங்களில் யார் வீட்டிலும் கேக் சுடும் அடுப்பு கிடையாது. மாவை வீட்டில் கலந்து, ட்ரேயில் ஊற்றி, பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். பெரிய ரோட்டில் இருந்த பாய் கடையில் ரொட்டி சுடும் செங்கல் அடுப்பு ஒன்று உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டு நாள், பாய் தன் ரொட்டி வேலையைக் குறைத்துக்கொண்டு ஊர்க் கேக்கையெல்லாம் சுட்டுக் கொடுப்பார். பூந்தமல்லி, குமணன்சாவடி, பருத்திப்பட்டு வரைக்கும் ஆட்கள் வருவார்கள்.

வரிசையில் நிற்பதே ஒரு திருவிழா. ஆளுக்கொரு ட்ரே. மேலே ஈரத்துணி. யார் மாவு எப்படி இருக்கிறது என்று ஒருவர் துணியை இன்னொருவர் தூக்கிப் பார்ப்பார்கள். எல்லாருடைய ட்ரேயும் ஒரே மாதிரி இருக்கும். எல்லாரும் வாங்கியது பூந்தமல்லிப் பாத்திரக் கடையில்தான்.

அடையாளத்துக்கு ஒரு சீட்டில் பெயர் எழுதி ட்ரேயின் வெளிப்பக்கம் பசை தடவி ஒட்டுவார் பாய். சூட்டில் காகிதம் பழுப்பாகும். பெயர் தெரியும்.

அந்த வருடம் இருபத்து மூன்றாம் தேதி தூறலாக இருந்தது. ட்ரேக்களெல்லாம் நனைந்திருந்தன. பசை பிடிக்கவில்லை.

"ஒட்டலியே பாய்," என்றாள் அம்மா.

"நான் பாத்துக்கறேன்மா. உங்க ட்ரே எனக்குத் தெரியாதா?" என்றார் பாய்.

மறுநாள் விடியற்காலையில் அம்மாவும் நானும் போனபோது பாய் இல்லை, தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் இருந்த ஆள் சூடு ஆறாத ட்ரே ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தான். பிரித்துப் பார்க்க நேரமில்லை. பின்னால் கூட்டம். வீட்டுக்கு வந்ததும் சேவியருக்கு எட்டாமல் பீரோமேல் வைத்தாள் அம்மா.

மறுநாள் மதியம்வரை அது அங்கேயே இருந்தது.

கத்தி இறங்கியபோது

அத்தையும் மாமாவும் வந்தார்கள். அத்தை எங்களுக்குப் பென்சில் டப்பாவும், அம்மாவுக்கு ஒரு ரவிக்கைத் துணியும் கொடுத்தாள். குடிலைப் பார்த்தாள். புலியைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அம்மா பீரோமேலிருந்து ட்ரேயை இறக்கி, செய்தித்தாளைப் பிரித்தாள். மேல்பக்கம் கொஞ்சம் கருப்பாக இருந்தது. அடுப்பு அதிகமாக எரிந்திருக்கும் என்று நினைத்திருப்பாள். கத்தியை வைத்தாள். கத்தி இறங்கிய விதத்திலேயே அவள் கை நின்றது.

உள்ளே நல்ல காப்பிக்கொட்டை நிறம். கருந்திராட்சை. ஆரஞ்சுத் தோல் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. சிவப்பு, பச்சை, மஞ்சள் எதுவும் இல்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஜெல்லி எங்கம்மா?" என்றான் சேவியர்.

"அடியில கீது நைனா. துன்னு, வரும்," என்றார் அப்பா, அவசரமாக.

அத்தை தட்டை நீட்டிவிட்டாள். அம்மா ஒரு துண்டு வைத்தாள். அதற்கு மேல் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். "இதுதான் கேக்" என்றதோடு அத்தை நிறுத்தவில்லை. முழுத் துண்டையும் சாப்பிட்டு முடித்தாள். விரலில் ஒட்டியிருந்த தூளையும் விடவில்லை. பிறகு அப்பா பக்கம் திரும்பி, மனம் நிறைந்து சொன்னாள்:

"இத்தனை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான்டா அந்தோணி ரெஜினா நம்ம வீட்டுப் பொண்ணா ஆனா."

அம்மா சமையலறைக்குள் போனாள். அப்பா பின்னாலேயே போனார். குடிதண்ணீர் எடுக்கிற சாக்கில் நானும் போனேன்.

"பாய் கடையில மாத்திக் குட்த்துட்டான்," என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி.

"தெரியுது. எனக்கும் கண்ணு கீதுல்ல."

"போய்ச் சொல்லிட்டு வரேன்."

"இன்னாத்துக்கு?" அப்பா கதவை லேசாகச் சாத்தினார். "இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் அக்கா வாயத் தொறந்து நல்லாருக்குன்னு சொல்லிக்கீது. அத்த அப்படியே வச்சுக்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

"பண்டிக நாளும் அதுவுமா எதுக்குக் கன்னியம்மா..."

"நல்லாருக்குன்னு சொன்னது என்னியயா? எவளோ ஒருத்தியச் சொல்லிக்கீறாங்க. அத்த நான் வாங்கி மடியில கட்டிக்கணுமா?" அம்மா பிரியாணி மூடியின்மேல் இருந்த கனத்தை எடுத்துக் கீழே வைத்தாள். "சரி, கட்டிக்கினேன்னு வையி. அடுத்த வருசம் இன்னா பண்றது? பாய் கடையாண்ட போய் நின்னுகினு, எவ கேக்காச்சும் ஒண்ணு குடு பாய்னு கேக்கவா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. அம்மா சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அண்ணி, அது நான் செஞ்ச கேக்கு இல்ல," என்றாள்.

அத்தை இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டிருந்தாள். "என்ன?"

"பாய் கடையில ட்ரே மாறிப்போச்சு. இது வேற யாரோடதோ. கத்தி வச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. அப்பவே சொல்லிருக்கணும்."

சூசை மாமா கையை நீட்டித் தனக்கு இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார். "யாரு செஞ்சா இன்னா? வவுத்துக்குள்ள பேரா கேக்கப்போவுது?" என்றார்.

அத்தை மாமாவைப் பார்க்கவில்லை. "அப்போ உன்னோடது எங்கே?"

"தெரியல அண்ணி. எவங்க ஊட்டுலயோ கீது."

"பாவம், அவங்க," என்றாள் அத்தை.

சொல்லிவிட்டு வழக்கம்போலச் சிரித்தாள். அம்மா அன்றைக்கு அதற்குச் சிரிக்கவில்லை. "சாப்பாடு போடறேன்," என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பிரியாணியின் ருசி எனக்கு நினைவில்லை. இலை போட்டதும், எல்லாரும் ரொம்ப மரியாதையாகச் சாப்பிட்டதும் நினைவிருக்கிறது.

பருத்திப்பட்டிலிருந்து வந்தவர்கள்

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. ஒல்லியான ஒரு ஆள், வெள்ளைச் சட்டை. பின்னால் பட்டுப்புடவையில் ஒரு பெண். அவள் மடியில், துணி போட்டு மூடிய ஒரு ட்ரே.

"ரெஜினா அக்கா ஊடு இதுதானே?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

பெயர் ரூத். புருஷன் டேவிட், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை. பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் வீடு. சர்ச் முடிந்ததும் நேராகப் பாய் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார்கள். பாய் தலையில் அடித்துக்கொண்டு, யாருடையது மாறியிருக்கும் என்று யோசித்து, எங்கள் தெருவைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அம்மா அவர்களை உட்காரச் சொன்னாள். ரூத் உட்காரவில்லை. துணியை எடுத்துவிட்டு ட்ரேயை நீட்டினாள்.

ட்ரே காலி. பளபளவென்று தேய்த்துக் கழுவியிருந்தது.

"கேக்கு எங்க?" என்றான் சேவியர்.

ரூத்துக்கு வெட்கம் தாங்கவில்லை. "துன்னுட்டோம் கண்ணு," என்றாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க அக்கா. நேத்து மத்தியானமே அறுத்துட்டோம். கத்தி வச்சதும் இவரு சொல்லிட்டாரு, இது நம்மளுது இல்லன்னு. அப்படியே மூடித் திருப்பிக் குட்த்துடலாம்னுதான் இருந்தோம். ஆனா அறுத்த துண்ட இன்னா பண்றது? பசங்க கையில குட்த்தோம். அதுங்க இன்னொண்ணு கேட்டுச்சுங்க. அப்புறம் எங்க மாமனாரு கேட்டாரு. கேக்குன்னாலே தொட மாட்டாரு அக்கா, வாயில ஒட்டுதும்பாரு. அவரே ரெண்டாவது தபா கையை நீட்டுறாரு. நான் எப்படி இல்லன்னு சொல்றது? சாயங்காலம் பாத்தா ட்ரே காலி."

அம்மா காலி ட்ரேயைக் கையில் வாங்கினாள். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"திட்டுங்க அக்கா, பரவால்ல," என்றாள் ரூத்.

"எல்லாத்தையுமா துன்னுட்டீங்க?" என்றாள் அம்மா.

"ஒரு தூளுகூட இல்ல."

டேவிட் அதுவரை தயங்கிக்கொண்டே நின்றவர், பொறுக்கமுடியாமல் முன்னால் வந்தார். "அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அதுல இன்னா போட்டீங்க? ஏலக்கா தெரியுது. கலருக்கு இன்னா? சக்கர இல்ல அது. நேத்துலருந்து யோசிச்சுக்கினே கீறேன்."

"வெல்லப் பாகு," என்றாள் அம்மா. "கொஞ்சம் சுக்கு."

"வெல்லமா!" டேவிட் தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தியா ரூத்து, நான் சொல்லல?"

அம்மா மேசைப் பக்கம் கையைக் காட்டினாள். "உங்க கேக்கு அங்கதான் கீது. பாதி தீந்துபோச்சு. எங்க அண்ணிக்கு ரொம்பப் புடிச்சுது."

இதைக் குத்தலாகச் சொன்னாளா என்று நான் பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன். இல்லை. வந்தவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லவேண்டும் என்றுதான் சொன்னாள்.

ரூத் அத்தையைப் பார்த்துக் கும்பிட்டாள். "ரொம்ப சந்தோசம்மா. இவருதான் செஞ்சாரு. கேக்குன்னா என்னிய முட்ட ஒடைக்கக்கூட வுடமாட்டாரு."

"ஆம்பளையா?" என்றாள் அத்தை. வெற்றிலை வாயிலேயே நின்றது. "இன்னா சொல்ற நீ? ஆம்பளையா இத்த செஞ்சான்?"

சூசை மாமா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, அப்பா அவர் முதுகில் தட்டவேண்டியிருந்தது. டேவிட் தலையைச் சொறிந்துகொண்டு, கல்யாணத்துக்கு முன்னால் ஆவடியில் ஒரு மெஸ்ஸில் கொஞ்ச காலம் எடுபிடியாக இருந்ததாகவும், அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டதாகவும் சொன்னார்.

அம்மா அவர்களுக்குக் காப்பி போட்டாள். மீதி இருந்த கேக்கை அவர்கள் எடுத்துப்போக மறுத்தார்கள். அம்மா விடவில்லை. கடைசியில் அதிலும் பாதி என்று முடிவாயிற்று. அவர்கள் வாசல்படி இறங்கும்போது அத்தை எழுந்து வந்தாள்.

"ஏம்மா," என்றாள் ரூத்திடம். "ஒரு துண்டுகூட வீட்ல இல்லையா? ஒரு சின்னத் துண்டு?"

"இல்லிங்கம்மா. இருந்தா கொணாந்திருக்க மாட்டேனா?"

அத்தை தலையை ஆட்டினாள். காலி ட்ரே அம்மாவின் கையில் இருந்தது. அத்தை அதை ஒருமுறை பார்த்துவிட்டு, தெருவைப் பார்க்கத் தொடங்கினாள்.

அந்த வருடம் அம்மா செய்த கேக்கை எங்கள் வீட்டில் யாருமே சாப்பிடவில்லை. எல்லாரும் போன பிறகு அம்மா சமையலறையில் நின்றபடியே டேவிட் கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டாள். "நல்லாத்தான் செஞ்சிக்கீறான்," என்றாள். "முந்திரிய வறுக்காம போட்டுட்டான். வறுத்துப் போட்டிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும்."

அதற்குப் பிறகு

மறுவருடம் இருபத்து நாலாம் தேதி காலையில் பாய் கடையிலிருந்து வந்ததும், அம்மா ட்ரேயைப் பீரோமேல் வைக்கவில்லை. கூடத்தில் வைத்து அறுத்தாள்.

"அக்கா வரட்டுமே," என்றார் அப்பா.

"வரட்டும். வந்து துன்னட்டும். பசங்க எதுக்கு ஒரு நாள் பூரா பீரோவப் பாத்துக்கினு ஒக்காரணும்?" என்றாள் அம்மா. முதல் துண்டைச் சேவியருக்குக் கொடுத்தாள். அடுத்ததை எனக்கு. மூன்றாவதைத் தானே சாப்பிட்டாள். ஆறாத கேக் அவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் டேவிட் வந்து பாதி கேக் கொடுத்துவிட்டு எங்களுடையதில் பாதி வாங்கிப்போனார். அது பல வருடம் தொடர்ந்தது. அவர்கள் பிள்ளைகளில் ஒருத்தியும் நானும் பிறகு ஒரே கல்லூரியில் படித்தோம். அது வேறு கதை.

மறுநாள் அத்தை வந்தாள். அறுத்த கேக்கைப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்தோம். அத்தை ஒரு துண்டு எடுத்து முழுவதும் சாப்பிட்டாள். கையைக் கழுவினாள். பேச்சு சேவியரின் மார்க்குக்குப் போய்விட்டது. அந்த வருடமும் சரி, பிறகு வந்த வருடங்களிலும் சரி, கேக்கைப் பற்றி அத்தை வாயிலிருந்து நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. அம்மாவும் தட்டை வைத்துவிட்டு நிற்காமல் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அப்பா இல்லை, சூசை மாமாவும் இல்லை. சேவியர் ஓசூரில் இருக்கிறான்.

சில வருடங்களுக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கும்போது, புழுக்கமான ஒரு மதியத்தில் அம்மாவுக்கு அத்தையிடமிருந்து போன் வந்தது. அத்தை அப்போது படுக்கையிலேயே இருந்தாள். சாப்பாடு இறங்குவதில்லை. கஞ்சியைக்கூடத் தள்ளிவிடுகிறாள் என்று பார்த்துக்கொள்ளும் பெண் சொல்லியிருந்தாள்.

"ரெஜினா, கேக் போடறியா?" என்றாளாம்.

"டிசம்பருக்கா அண்ணி?"

"இப்போ."

அம்மா மறுநாளே குக்கரில் மணலைக் கொட்டிக் கேக் சுட்டாள். நான்தான் ஆட்டோ பிடித்து அம்பத்தூருக்கு அழைத்துப்போனேன். அத்தையைத் தலையணை வைத்து உட்காரவைத்தோம். அம்மா டப்பாவைத் திறந்து ஒரு சின்னத் துண்டு வெட்டித் தட்டில் வைத்தாள். அத்தை யாரையும் ஊட்டவிடவில்லை. ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு, ஒரு தூள் விடாமல் தானே சாப்பிட்டாள்.

பிறகு தட்டை அம்மா பக்கம் நீட்டினாள்.

"சுகர் கீது அண்ணி. போதும்," என்றாள் அம்மா.

அத்தை தட்டை இறக்கவில்லை. நடுங்கும் கையில் தட்டு ஆடிக்கொண்டே இருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்தாள்.